பிடிஎஃபா, வேர்டா, வெறும் எழுத்தா? கண் தெரியாதவருக்கும் போய்ச் சேர எந்த வழி

போன மாதம் கிளிநொச்சிப் பக்கத்துக் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றின் செயலாளர் தங்கச்சி கேட்டார்: "அண்ணா, எல்லா அறிவித்தலையும் பிடிஎஃப் ஆக்கித்தான் வாட்சப்பில போடுறம். கண் தெரியாத ஆக்கள் மூண்டு பேர் எங்கட சங்கத்தில இருக்கினம். அவைக்கு ஒண்டும் வாசிக்குதில்லையாம். பிடிஎஃபுக்குள்ள டாக் போட வேணும் எண்டு ஒரு பயிற்சியில சொன்னவை. அதுக்கு ஆள் பிடிக்கிறதா, இல்லாட்டி வேர்டாவே அனுப்பிறதா?"

இதே கேள்வி ஒரு பள்ளிக்கூடத்திலிருந்தும் ஒரு கமக்காரர் அமைப்பிலிருந்தும் எனக்கு வந்திருக்கிறது. ஆவணம் ரைப் பண்ணிச் செப்பனிடுவதுதான் என் அன்றாடத் தொழில் என்பதால், பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து எழுதுகிறேன்.

முதலில் அந்த 'டாக்' என்ன என்று பார்ப்போம். குறிச்சொல் என்பது கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிய சீட்டு. இது தலைப்பு, இது பந்தி, இது அட்டவணையின் முதல் வரிசை, இது படம் என்று ஆவணத்தின் ஒவ்வொரு துண்டையும் அது அடையாளம் சொல்லும். கண்ணால் பார்க்கிறவருக்கு எழுத்தின் பருமனே போதும். திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் பாவிக்கிறவருக்கு அந்தச் சீட்டு இருந்தால்தான் எச் விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு பாயவும், டீ விசையைத் தட்டி அட்டவணைக்குப் போகவும் முடியும். இல்லாவிட்டால் 12 பக்க ஆவணமானாலும் அதைத் தலையிலிருந்து கால்வரை கேட்டுத்தான் ஆகவேண்டும். மாற்று உரை என்பது படத்துக்குப் பதிலாகக் காதில் விழும் வசனம்.

எதை வைத்து அளப்பது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன். கேட்கிறவருக்குத் தமிழ் தமிழாகக் கேட்குமா? சாதாரண அன்ட்ராய்டு போனில், குறைந்த டேட்டாவில் திறக்குமா? செய்கிறவருக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு காசு? நாளைக்கு ஒரு திகதி மாறினால் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டுமா? கடைசியாக, கையொப்பமும் முத்திரையும் அப்படியே நிற்கவேண்டிய ஆவணமா?

நான்காவது கேள்வியைப் பலர் கவனிப்பதில்லை. இங்கே காலபோக நெற்செய்கைக் கூட்டத்தின் திகதியே இரண்டு தரம் மாறும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐநா சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 21ஆம் உறுப்புரை, பொதுமக்களுக்கான தகவலை அணுகத்தக்க வடிவில், காலந்தாழ்த்தாமல், மேலதிகச் செலவு வைக்காமல் கொடுக்கச் சொல்கிறது. கூட்டம் முடிந்து மூன்றாம் நாள் வந்து சேரும் அழகான பிடிஎஃப் அந்தக் கணக்கில் சேராது.

எல்லாவற்றுக்கும் முன்னால்: பாமினி

எந்த வழியைத் தெரிந்தெடுத்தாலும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவைத் தாண்டித்தான் போகவேண்டும்.

எனக்குப் பரிசோதகராக இருப்பவர் விசுவமடுப் பக்கத்து அண்ணர் ஒருவர். 2009இல் பார்வை போனவர். பிறகு மடிக்கணினியில் என்விடிஏ பழகி, இப்போது என்னைவிட வேகமாகப் பைல் திறக்கிறார். சில வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலைக்காகத் தமிழ்மொழித் தினப் போட்டி அறிவித்தலைச் செப்பனிட்டு, தலைப்புகளுக்கு ஸ்டைல், படங்களுக்கு மாற்று உரை எல்லாம் போட்டு, பெருமையோடு அவருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"தம்பி, எந்தப் பாஷையில அனுப்பினனீர்? முதல் ஒண்டும் விளங்கேல்லை, பிறகு ஒவ்வொரு எழுத்தாத் தட்டிப் பாத்தன். ஜே, கே, பி, ஓ, செமி எண்டு சொல்லுது."

ஜே, கே, பி, ஓ, செமிகோலன். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடிக்க வேண்டிய விசைகள் அவை. யூனிகோட் என்பது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்திருக்கும் உலகப் பொதுமுறை. பாமினி யூனிகோட் எழுத்துரு அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டது போன்ற ஏற்பாடு அது. திரையில் தமிழ் தெரியும், கடதாசியில் தமிழ் விழும், ஆனால் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும்.

இதில் பொல்லாத விஷயம் என்னவென்றால், வேர்டின் அணுகல் சோதனையும் சரி, பிடிஎஃபைச் சோதிக்கும் செயலிகளும் சரி, பாமினி ஆவணத்தை மறுபேச்சில்லாமல் பாஸ் பண்ணிவிடும். தலைப்பு இருக்கிறது, மாற்று உரை இருக்கிறது, எழுத்தெல்லாம் செல்லுபடியான எழுத்து. அதற்குமேல் அவற்றுக்கு என்ன தெரியும்? பச்சை அடையாளத்தைப் பார்த்து நானும்தான் ஏமாந்தேன்.

தமிழ் யூனிகோடில் 1991 முதல் இருக்கிறது. ஆனாலும் ரைப்பிங் கடைகளிலும் அலுவலகங்களிலும் பாமினி விடுகிறதாயில்லை, விரல் பழகிப்போய்விட்டது. விரலை மாற்றத் தேவையில்லை என்பதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். இ-கலப்பை போன்ற இலவச மென்பொருளில் பாமினி விசை ஒழுங்கிலேயே அடித்து யூனிகோட் எழுத்தைப் பெறலாம். பழைய கோப்புகளுக்கு இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன. ஒட்டினால் நொடியில் மாறும். ஆனால் கோப்பிலுள்ள ஆங்கிலத்தையும் சேர்த்து மாற்றிவிடும். ஜிமெயில் முகவரி ஒன்றின் வால் 'பஅயடை.உழஅ' என்று வந்து நிற்கும். ஆகவே மாற்றிய பிறகு மின்னஞ்சல், இணைய முகவரி, ஆங்கிலச் சுருக்கப்பெயர்கள் மூன்றையும் கண்ணால் ஒருதரம் பாருங்கள்.

வழி 1: மூலக் கோப்பைத் திருத்தி, அதிலிருந்து பிடிஎஃப்

வேர்ட் கோப்பு உங்கள் கையில் இருந்தால் இதுதான் என் முதல் தெரிவு. தலைப்பைத் தடிப்பாக்கிப் பெரிதாக்குவதற்குப் பதிலாக ஹெடிங் 1, ஹெடிங் 2 என்ற ஸ்டைலைக் கொடுக்க வேண்டும். பெயர்ப்பட்டியலை ஸ்பேஸ் தட்டித் தட்டி நேராக்காமல் உண்மையான அட்டவணையாகப் போட்டு, முதல் வரிசையைத் தலைவரிசை என்று குறிக்க வேண்டும். கலங்களை ஒன்றாக இணைக்காமல் விட்டால் இன்னும் நல்லது. ஆவணத்தின் மொழியைத் தமிழ் என்று வையுங்கள், இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்க முயன்று தடுமாறும். பிறகு சேமிக்கும்போது, அணுகலுக்கான கட்டமைப்புக் குறிகளைச் சேர்க்கும் தெரிவு விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பிடிஎஃப் ஆக்க வேண்டும். பிரின்ட் கொடுத்துப் பிடிஎஃப் எடுத்தால் போட்ட குறியெல்லாம் போய்விடும். நான் கண்ட பிழைகளில் அதிகம் நடப்பது இதுதான்.

வேர்ட் வாங்க வசதியில்லையென்றால் லிப்ரே ஆபீஸ் இலவசம். 2020இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து, அணுகத்தக்க பிடிஎஃபுக்கான பிடிஎஃப் யூஏ தரத்திலேயே அதிலிருந்து கோப்பு எடுக்கலாம். ஐஎஸ்ஓ அந்தத் தரத்தை 2012இல் வெளியிட்டது.

காசுச் செலவு ஏறக்குறைய இல்லை. மறைவான செலவு பழக்கத்தில் இருக்கிறது. முதல் ஆவணத்துக்கு ஒரு மணித்தியாலம் போகும். அதை மாதிரிக் கோப்பாக வைத்துக்கொண்டால் அடுத்த கடிதத்துக்குப் பத்து நிமிடம்தான். ஆனால் சங்கத்தில் செயலாளர் மாறும்போது புதியவர் பழையபடி ஸ்பேஸ் தட்டத் தொடங்குவார். இன்னொன்று, கடிதத் தலைப்பு. பலர் முகவரி, தொலைபேசி இலக்கம், கடித இலக்கம் எல்லாவற்றையும் பக்கத்தின் ஹெடர் என்ற மேலோரப் பகுதிக்குள் போட்டுவிடுவார்கள். வேர்டிலிருந்து பிடிஎஃப் ஆகும்போது அந்தப் பகுதி அலங்காரமாகக் கணக்கிடப்பட்டு வாசிப்பில் விடுபட்டுப் போகும். தொடர்புகொள்ள வேண்டிய இலக்கத்தைக் கடிதத்தின் உடலிலும் ஒருதரம் எழுதிவிடுங்கள்.

சரி, மாற்று உரை. நேரம் உண்மையில் இங்கேதான் போகும், போகவும் வேண்டும். ஒரு கமக்காரர் அமைப்பின் அறிவித்தலில் வாய்க்கால் வரைபடம் ஒன்று இருந்தது. முதலில் வந்த மாற்று உரை: 'படம்'. திருத்தச் சொன்னபோது வந்தது: 'வரைபடம்'. மூன்றாம் தரம் 'இரணைமடுக் குளத்தின் அழகிய வரைபடம்'. அதைக் கேட்கிற கமக்காரருக்குத் தன் வயலுக்குத் தண்ணீர் எந்தக் கிழமை வரும் என்பது இன்னும் தெரியாது. கடைசியில் இப்படி எழுதினோம்: 'இரணைமடு இடதுகரை வாய்க்கால் வரைபடம். முதல் கிழமை தண்ணீர் பெறும் கிளை வாய்க்கால்கள் பச்சையிலும் இரண்டாம் கிழமை பெறுபவை நீலத்திலும் உள்ளன. முழுப் பட்டியல் கீழே அட்டவணையில்.' படம் எதற்காக அங்கே வைக்கப்பட்டதோ அதைச் சொன்னால் போதும். விவரம் கூடினால் அதை அட்டவணையாக்கிக் கீழே கொடுத்துவிடலாம், அது கண் தெரிந்தவருக்கும் உதவும். சங்கத்தின் இலச்சினைக்கு 'இலச்சினை' என்று சங்கப் பெயரோடு ஒரு சொல், பூக்கோலக் கரைக்கு 'அலங்காரம்' என்ற தெரிவு, அவ்வளவுதான். கையொப்பத்துக்கு 'தலைவரின் கையொப்பம்' என்றாவது போடுங்கள். ஒப்பமிட்ட கடிதமா இல்லையா என்பது கேட்கிறவருக்கும் தெரியவேண்டுமே.

வழி 2: கையிலுள்ள பிடிஎஃபில் குறி ஏற்றுவது

மூலக் கோப்பு இல்லை, அனுப்பியவரைப் பிடிக்கவும் முடியாது, ஆவணமோ முக்கியமானது. அப்போது இந்த வழிதான்.

அக்ரோபாட் புரோ போன்ற கட்டண மென்பொருளில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, இது தலைப்பு, இது பந்தி என்று பெட்டி கீறி, வாசிப்பு ஒழுங்கைச் சரிசெய்து, படங்களுக்கு உரை எழுத வேண்டும். தானாகக் குறி போடும் வசதியும் உண்டு. இரண்டு நிரல் உள்ள பக்கத்தில் அதை நம்பிவிடாதீர்கள். கட்டணம் டொலரில், மாதாமாதம். 200 ரூபா அளவில் நின்ற டொலர் 2022இல் 360 வரை போனதைப் பார்த்த எங்களுக்கு டொலர்ச் சந்தா என்றாலே கை நடுங்கும். ஆள் பிடித்துச் செய்வித்தாலும் பக்கக் கணக்கில் காசு. ஒரு திகதி மாறிப் புதுப் பிடிஎஃப் வந்தால், எல்லாக் குறியையும் மறுபடி போட வேண்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை தமிழுக்கே உரியது. பிடிஎஃப் எழுத்துகளைத் திரையில் தெரியும் ஒழுங்கில் அடுக்கி வைக்கும். 'கொக்கிளாய்' என்ற ஊர்ப்பெயரில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். பல பிடிஎஃப்களில் உள்ளேயும் அந்த ஒழுங்கிலேயே கிடக்கும். வெளியே எடுத்தால் கொம்பு தனியே, ககரம் தனியே சிதறும், குரலும் சிதறும். கொக்கிளாய்க்கு மட்டுமல்ல, தொகை, பொது, தேவை, கோரிக்கை என்று கடிதத்தில் வரும் பாதிச் சொல்லுக்கு இதே கதி. குறிச்சொல் எவ்வளவு ஒழுங்காகப் போட்டாலும் இது தீராது. ஒவ்வொரு துண்டுக்கும் சரியான எழுத்தைத் தனியே பதிக்க வழி இருக்கிறது. ஆனால் பத்துப் பக்கச் சுற்றறிக்கைக்கு அதைச் செய்வது மலையைக் கெல்லி எலி பிடித்த கதைதான்.

சோதிக்க மென்பொருள் வேண்டாம். பிடிஎஃபில் ஒரு பந்தியை எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே தமிழ் தமிழாக நின்றால் இந்த வழிக்குப் போகலாம். உடைந்தாலும் ஆங்கிலமாக மாறினாலும் வேறு வழி பாருங்கள். ஒன்றுமே ஒட்டாவிட்டால் அது ஸ்கான் பண்ணிய படம். அப்போது படத்திலுள்ள எழுத்தைப் பிரித்தெடுத்துத் தரும் எழுத்துணரி மென்பொருள் வேண்டும். கூகுள் டிரைவில் படத்தைக் கூகுள் டாக்ஸாகத் திறந்தால் தமிழை ஓரளவு நன்றாகவே எடுத்துக் கொடுக்கும். ஆனால் காலும் ரகரமும் அதற்கு ஒரே மாதிரித்தான் தெரியும், இலக்கங்களிலும் தவறும். அடையாள அட்டை இலக்கங்களோடு உள்ள பயனாளிப் பட்டியலை வேறொருவர் சேவையகத்தில் ஏற்றலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. நான் ஏற்றுவதில்லை. அந்தப் பட்டியலை உட்கார்ந்து கையால் அடித்துவிடுவேன்.

இவ்வளவும் சொன்ன பிறகும் இந்த வழி தகும் இடங்கள் உண்டு. வடிவமைப்பாளர் அச்சுக்குச் செய்துகொடுத்த நூல், நிரப்பிக் கொடுக்கும் படிவம், பல வருடம் மாறாமல் கிடக்கப்போகும் ஆவணம். அவற்றுக்குச் செலவழிக்கலாம். முடிந்த பிடிஎஃபைச் சோதிக்க விண்டோஸில் ஓடும் பிஏசி என்ற இலவசச் செயலி இருக்கிறது. மாற்று உரை இருக்கிறதா என்று அது சொல்லும், அந்த உரை சரியா என்று சொல்லாது.

வழி 3: பிடிஎஃபையே விட்டுவிடுவது

இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். "கடிதம் மாதிரி இல்லையே." உண்மைதான். ஆனால் கூட்டம் எத்தனை மணிக்கு, எந்த மண்டபத்தில், என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பதற்குக் கடிதத் தாள் எதற்கு? அதையே வாட்சப்பில் யூனிகோட் எழுத்தாக அடித்துப் போட்டால் அன்ட்ராய்டு போனோடு வரும் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் தமிழில் வாசித்துக் கொடுக்கும். ஸ்கான் பண்ணிய ஒரு பக்கம் பல நூறு கிலோபைட் தின்னும், அதே செய்தி எழுத்தாக இரண்டு மூன்று கிலோபைட்தான். பார்வை மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி திரைக்குள் தானே மடிந்து நிற்கும். பிடிஎஃபைப் பெரிதாக்கினால் இடமும் வலமும் இழுத்து இழுத்து வாசிக்க வேண்டும். வன்னியில் திரைவாசிப்பான் தெரிந்தவர்களைவிட இப்படி மங்கலாகப் பார்க்கிற வயதானவர்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

கொஞ்சம் நீளமானது என்றால் வேர்ட் கோப்பாகவே அனுப்பலாம், அல்லது சங்கத்துக்கு வலைத்தளம் இருந்தால் அதில் ஒரு பக்கமாகப் போடலாம். வலைப்பக்கத்தில் தலைப்பு, அட்டவணை, மாற்று உரை மூன்றுக்கும் இயல்பாகவே இடம் இருக்கும். கொக்கிளாயின் கொம்பும் உடையாது.

குறைகளும் உண்டு. எழுத்தை யாரும் மாற்றி அனுப்பலாம். ஒரு அறிவித்தலில் தொகையை மாற்றிச் சுற்றவிட்ட கதை எங்கள் ஊரிலேயே நடந்தது. வாட்சப் செய்தியில் தலைப்புக்குத் தலைப்பு பாய முடியாது, 15 வரிக்கு மேல் போனால் அது சுமை. வேர்ட் கோப்பு ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரித் தெரியும். காணி, நிவாரணம், நியமனம் போன்று பிறகு கொண்டுபோய்க் காட்ட வேண்டிய எதற்கும் இந்த வழி தனியே போதாது.

வழி 4: குரல்பதிவு

திரைவாசிப்பானும் தெரியாது, எழுத்தும் தெரியாது என்கிற அம்மம்மாவுக்கு இதைவிட நல்லது கிடையாது. இரண்டு நிமிடத்துக்குள், திகதியை இரண்டு தரம் சொல்லி, யார் பேசுவது என்று தொடக்கத்தில் சொல்லுங்கள். ஆனால் அதில் தேட முடியாது, ஓர் இலக்கத்தைப் பிரதியெடுக்க முடியாது, காது கேளாதவருக்கு அது வெறும் நீலக் கோடு. ஆவணத்துக்குத் துணையாகப் போடுங்கள், ஆவணத்துக்குப் பதிலாகப் போடாதீர்கள்.

தங்கச்சிக்குச் சொன்னது

அவருடைய சங்கத்தில் மாதம் ஏழெட்டு ஆவணம் போகிறது. ஆறு அறிவித்தல், ஒரு கூட்டக் குறிப்பு, எப்போதாவது ஒரு படிவம். அறிவித்தலுக்கு மூன்றாம் வழி, கூடவே குரல்பதிவு. கூட்டக் குறிப்புக்கு முதலாம் வழி, மாதிரிக் கோப்பை நானே செய்து கொடுத்தேன். முத்திரை போட்ட கடிதம் என்றால் அதை ஸ்கான் பண்ணிப் போடும்போதே அதன் வாசகத்தை எழுத்தாகக் கீழே ஒட்டிவிட வேண்டும். பிடிஎஃபில் குறி போட ஆள் பிடிப்பதை இப்போதைக்கு மறந்துவிடச் சொன்னேன், அந்தக் காசில் ஓர் அலுவலகக் கணினியைப் பாமினியிலிருந்து விடுவிக்கலாம். வெளியிலிருந்து வரும் படிவங்கள் மட்டும் மிச்சம். அவற்றின் வேர்ட் மூலக் கோப்பைத் தரும்படி அனுப்பியவரிடம் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.

முதல் கூட்டக் குறிப்பு போன கிழமை போனது. தலைப்பு, அட்டவணை, மாற்று உரை எல்லாம் போட்டு, சோதனையில் ஒரு பிழையும் இல்லை என்று வந்த பிறகுதான் அனுப்பினோம். விசுவமடு அண்ணருக்கும் ஒரு பிரதி. அன்று பின்னேரமே அவர் எடுத்தார். குரல் நல்லாக் கேட்குது, தலைப்புக்குத் தலைப்பு போகக்கூடியதா இருக்கு என்றார். பிறகு, "தம்பி, வரைபடத்தில மூண்டாம் வாய்க்கால் எண்டு சொல்லுது, கீழ அட்டவணையில நாலு எண்டு வாசிக்குது. எது சரி?"

திறந்து பார்த்தேன். படத்திலும் நாலுதான். மாற்று உரையில் நான்தான் மூன்று என்று எழுதியிருந்தேன்.